இரண்டு பாதி ஆட்டக்காரர்கள்

மகன் தம்பிக்கு,

நீ என்னோடு கோபித்துக்கொண்டு நோர்பரிக்குத் தனியே குடிபோன பிறகும், நீ சேர்த்துவிட்ட கணினி பேஸ்பால் லீக்கை நான் விடவில்லை. இம்முறை என் அணிக்கு விலை குறைந்த இரண்டு ஆட்டக்காரர்களைக் கண்டுபிடித்தேன். ஒருவன் இடக்கைப் பந்துவீச்சை மட்டும் அடிப்பான், மற்றவன் வலக்கைப் பந்துவீச்சை மட்டும். தனித்தனியே யாரும் எடுக்கமாட்டார்கள். ஒரே இடத்துக்கு மாறி மாறி இறக்கினால் ஒரு பெரிய ஆட்டக்காரனுக்குச் சமம்.

உன் அம்மாவுக்கும் அப்படி, எப்போது யார் ஊட்டினால் சாப்பிடுகிறாள் என்று ஓர் அட்டவணை போட்டேன். பிழையாகவும் இருக்கலாம். காலையில் என் கையால் சாப்பிடுகிறாள். பின்னேரமானால், "ஆர் இந்தக் கிழவன்? வெளியில போகச் சொல்லுங்கோ" என்கிறாள். நான் ஊட்டிய பதினான்கு பின்னேரங்களில் இரண்டு நாள்தான் சாப்பிட்டாள். நான் கண் வைத்தியத்துக்குப் போன மூன்று பின்னேரமும் நீ வந்து ஊட்டினாய். திரும்பி வந்து பார்த்தால் கோப்பை காலி. மூன்று நாளை வைத்து முடிவெடுக்க ஏலாதுதான்.

இன்னும் மெலிந்தால் பராமரிப்பு இல்லத்தில் விடவேண்டும் என்கிறார் டாக்டர்.

பின்னேரங்களில் வருவாயா? நீ வீட்டை விட்டுப் போன அன்று நான் சொன்னதை நீ மறக்க வேண்டியதில்லை. என்னோடு கதைக்கவும் வேண்டாம். நாலு மணிக்கு வெளியே போனால் ஏழு மணிக்குத்தான் திரும்புவேன். அவள் சாப்பிட்டாளா என்று மட்டும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வை.

அப்பா