புதுக்குரம்பை விடுபட்ட நிலப்படம்

வளம் ஓங்குக. ஏழு ஏரிகளின் காவல் பூண்டு வெண்ணிக்கரை நாட்டை ஆளும் பேரரசி நிறைநெஞ்சித் தேவியார் திருவாய்மொழிந்தருள, ஓலைநாயகம் மருதன் குன்றன் எழுதிய திருமுகம். நில மண்டபத் தலைவர் இளம்பூதியாரும், பெருவழி மண்டபத் தலைவர் சாத்தன் கணியாரும், நீர் மண்டபத் தலைவர் ஓரி வேளாரும் காண்க. வழக்கம் கருதி உங்கள் நலம் வினவுகிறோம், விடை வேண்டியதில்லை.

சென்ற ஐப்பசியில் பேரேரி நிரம்பிக் கரை நடுங்கிற்று. கரை உடைந்தால் தலைநகரில் பாதி போகும். வடக்கு மதகையோ கிழக்கு மதகையோ திறந்தே ஆகவேண்டும். எதைத் திறப்பது என்பது மதகு கண்காணி கொற்றியின் பொறுப்பு. வடக்கே விளைந்த வயல் என்பதை அவள் அறிவாள். கிழக்கு நீர் சென்று சேரும் பள்ளமோ இரண்டு காதத்திற்கு அப்பால், குன்றுக்குப் பின்னால் உள்ளது. அதை அவள் கண்டதில்லை.

ஊகித்து மதகு திறப்பவள் அல்லள் அவள். ஆவணியிலேயே அப்பள்ளத்தின் படத்தை நில மண்டபத்திடம் கேட்டாள். நீர் மண்டபத் தலைவரின் முத்திரையின்றித் தர இயலாது என்றனர், முத்திரையோடு சென்றாள். தம் உழைப்பைப் பிறர் ஆளலாகாது என்று ஊரையும் கிணற்றையும் விட்டுவிட்டு மேடு பள்ளம் மட்டும் வரைந்து கொடுப்பது அம்மண்டபத்தின் அருமையான வழக்கமாம். அப்படியொரு வெற்றுப்படம் அவள் கைக்கு வந்தது. அதில் ஏதோ குறைகிறது என்று அவள் மனம் உறுத்திற்று. மீண்டும் கேட்கத் தன் தலைவரிடம் இசைவு வேண்டினாள். பிற மண்டபத்தின் வாசலில் இருமுறை கையேந்துவது தமக்கு இழுக்கு என்று ஓரி வேளார் மறுத்தார்.

வெள்ள நாளில் அவளிடம் இருந்தது அந்த வெற்றுப்படம் ஒன்றே. வெறும் புதர்க்காடு என்று நம்பிக் கிழக்கு மதகைத் திறந்தாள். அங்கே புதுக்குரம்பை என்னும் ஊர் இருந்தது. பெருவழியை அகலப்படுத்த இரண்டு கோடைக்கு முன் சாத்தன் கணியார் பெயர்த்துக் குடியமர்த்திய முப்பத்தொரு வீடுகள் அவை. அச்செய்தியை அவர் நில மண்டபத்துக்குச் சொன்னார். நீர் மண்டபத்துக்குச் சொல்லவில்லை. வழிக்கும் நீருக்கும் என்ன உறவு என்று எண்ணினாராம். பத்தொன்பது பேர் மாண்டனர்.

வெள்ளத்தின் எட்டாம் நாள், தம் மண்டபம் குற்றமற்றது என்று காட்ட, இளம்பூதியார் மூலப்படத்தைப் பட்டில் சுற்றி நம் அவைக்கு அனுப்பினார். விரித்தோம். முப்பத்தொரு வீடுகளும் இருந்தன. கிணறு இருந்தது, ஆட்டுப்பட்டி இருந்தது, வாசல்கள் எத்திசை நோக்கின என்பதுகூட இருந்தது. கொற்றி ஒவ்வொரு வீட்டின்மேலும் விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு, இப்படம் அன்று என் கையில் இருந்திருப்பின் வடக்கு மதகையே திறந்திருப்பேன், வயல்தான் போயிருக்கும் என்று கூறி, மதகுத் திறவுகோலை நம் காலடியில் வைத்துவிட்டாள்.

அதன்பின், நீங்கள் மூவரும் அனுப்பியிருந்த விளக்கவோலைகளைத் தொடவும் நம் கை கூசிற்று. மூன்றிலும் நல்ல கையெழுத்து. மூன்றிலும் மாண்டவர் ஒருவர் பெயரும் இல்லை. பிணங்கள் ஊறிய நீரைவிட அவ்வோலைகளே நாறின.

பேரேரி இன்னும் தளும்பி நிற்கிறது. அடுத்த மழைக்கு இருபது நாளே உண்டு. ஆகவே நம் ஆணை: மூவரும் உங்கள் படங்கள் அனைத்தையும் கொணர்ந்து, ஒரே அளவுகோலால், ஒரே துணியில் நாட்டை வரைக. முதற்கோடு புதுக்குரம்பையில் தொடங்குக. அப்படம் அரண்மனை வாயிலில் தொங்கும். எவரும் எவர் இசைவும் கேளாமல் படியெடுக்கலாம். பார்த்து, போதும் என்று கொற்றி சொல்லித் திறவுகோலை மீண்டும் எடுக்கும்வரை உங்கள் பட்டங்கள் நம்மிடம் இருக்கும்.

ஏழேரி இலச்சினை பொறித்தபின் இத்திருமுகத்தை வரிகளுக்குக் குறுக்கே மூன்றாக நறுக்கி, ஆளுக்கொன்றாகக் கொற்றியின் கையில் அனுப்புகிறோம். தனி நறுக்கில் ஒரு வரியும் முழுதாய் இராது. இதுவரை படித்துவிட்டீர் எனில், மூவரும் ஒரே பாயில் அமர்ந்திருக்கிறீர். படம் முடியும்வரை எழவேண்டாம்.