கவர் சுற்றிய மீட்டர்

செவ்வாய், இரவு.

காலையில் சோதனைக் குப்பியிலிருந்து கேஸ் அடித்தபோது விஷவாயு மீட்டர் ஒழுங்காகத்தான் அலறியது. உதியன்குளங்கரையில் மழை பிடித்ததும், நனையாமலிருக்க நான்தான் அதைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றினேன். கழிவுத்தொட்டிக்குள் கயிற்றில் இறக்கினேன், சத்தமே இல்லை.

"மீட்டரு மிண்டேல மக்கா. ஒனக்க நாத்தத்துல மயங்கிட்டாக்கும்!" என்று தொட்டிக்குள் இறங்கவேண்டிய ஸ்டீபனைக் கிண்டலடித்தேன்.

ஏணியில் ஒரு கால் வைத்தவன் சிரித்தான். "இன்னொருக்கா கேஸ் அடியும் அண்ணா. அது அலறிக் கரையட்டு, பெறவு எறங்குதேன்."

அடித்தேன். அப்போதும் சத்தமில்லை. கவரை உரித்துத் தொட்டிக்குள் இறக்கியதும் அலறியது. ஸ்டீபன் ஏணியிலிருந்து காலை எடுத்துக்கொண்டான்.

இப்போது சார்ஜில் கிடக்கும் மீட்டரின் பச்சை வெளிச்சம் சுவரில் மினுங்குகிறது. மழைச் சத்தத்தில் கண் சொக்கும்போதெல்லாம் ஸ்டீபன் ஏணியில் இறங்கிக்கொண்டே இருக்கிறான். மீட்டர் மிண்டவில்லை. நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.