தாயிலார் சாலையைப் பூட்டியவர் யார்

மழை பருவம் பிழையாது பெய்க. உம் மலைச்சரிவுகளில் தினை மணி பிடிக்க. உம் மன்றில் நுழைவோர் அச்சமின்றி நுழைந்து அச்சமின்றி மீள்க.

வெண்டுறை நாட்டின் கடலும் கரையும் காக்கும் கொற்றத்தையுடைய, நித்திலபுரத்து அரியணையில் வீற்றிருக்கும் கோப்பெருந்தேவி ஆரநங்கை, முல்லைப்பொறைக் குன்றுகளின் தலைவரும், நம் தந்தையாரை அவை நடுவே மறுத்துப் பேசி அவை நீங்கியவரும், அதன்பின் இந்நாள்வரை நம் முகம் காண வாராதவருமான ஏறன் அத்தனாருக்கு விடுக்கும் ஓலை. கண்டுகொள்க.

நெடுநாள் பேச்சற்றிருந்த இடத்திலிருந்து ஓலை வருவது உமக்கு வியப்பாகலாம். அந்த வியப்பு நமக்கும் உண்டு. நம் அவையில் நமக்கு இசைவாய்ப் பேசுவோர் நிறைய இருக்கிறார்கள். இப்போது நமக்கு வேண்டியவர் அவர்களில் ஒருவர் அல்லர். அது ஏன் என்பதை விளக்க, நம் அறநிலை அமைச்சர் பொதியத்தரையருக்கு ஆழிக்குடியில் நேர்ந்ததை முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். அவர் நம் முன் நின்று உரைத்தபடியே, கூட்டாமலும் குறைக்காமலும் எழுதுவிக்கின்றோம்.

ஆழிக்குடித் துறையில், போரிலும் கடலிலும் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக நம் தந்தையார் எடுப்பித்த தாயிலார் சாலையை நீர் அறிவீர். அதன் கண்காணியாக இருந்த கோளரி என்பவன் பிள்ளைகளைப் புளியங்குச்சியால் அடித்தும், சோறு மறுத்தும், அடங்காதவர் என்று தான் கருதியவரை உப்பறையில் அடைத்தும் பல காலம் கொடுமை செய்தான். அவ்வுப்பறையில் இளம்பூதன் என்னும் சிறுவன் காய்ச்சலில் இறந்தபின்னரே செய்தி வெளிப்பட்டது. ஓடம் ஏறித் தப்ப முயன்ற கோளரி பிடிபட்டான், குற்றத்தை ஒப்பினான், இன்று சிறையில் இருக்கின்றான். அவனைப் பற்றி யாருக்கும் ஐயமில்லை.

ஐயமெல்லாம் மற்றவரைப் பற்றியது. ஊர் நடுவே நிற்கும் ஒரு சாலையில் இத்தனை காலம் இது நடக்க, தடுக்க வேண்டியவர் யார், தடுக்காதவர் யார் என்று ஆழிக்குடியில் வாய்ச்சண்டை மூண்டது. சந்தையில் அதே பேச்சு, நீர்த்துறையில் அதே பேச்சு. ஒரு தெருவார் மறு தெருவாரோடு கொள்வினை கொடுப்பினையை நிறுத்தினர். சாலைப் பிள்ளைகளுக்கு மருந்திட்டு வந்த மருத்துவர் நல்லந்தையின் வீட்டின்மேல் கல் விழுந்தது. அந்நிலையில்தான் பொதியத்தரையரை அனுப்பினோம். எந்த வழக்கையும் நாளைக்கு என்று தள்ளாதவர் என்று பெயர் பெற்றவர் அவர். தாமும் அப்படியே நம்பிக்கொண்டு புறப்பட்டார்.

அவர் போய் இறங்கியதும் கண்ட முதற்காட்சி, ஊர்ச்சபையார் சாலைக்குள் வெல்லப்பாகு கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, சபையைப் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்று பயிற்றிக்கொண்டிருந்தது. அவர்கள் வெளியேறியதும், கோயில் அறச்செலவை நடத்தும் தானத்தார் புத்தாடைகளோடு அதே வேலையாக நுழைந்தனர். அமைச்சர் சினந்தார். விசாரணை முடியும்வரை சாலைக்குள் எவரும் புகலாகாது, பிள்ளைகளும் வெளிவரலாகாது, உணவைச் சாளரத்தின் வழியே கொடுக்க வேண்டும் என்று நம் இலச்சினையிட்டு ஆணை எழுதி, கதவுக்குப் புறத்தே தாழிடுவித்துக் காவலும் வைத்தார். தாமே பிள்ளைகளைப் பயிற்றினார் என்ற பழி வரக்கூடாதென்று தாமும் உள்ளே போகவில்லை. அந்த ஆணையைக் கேள்வியுற்ற நாளில் நாம் அவரைப் புகழ்ந்து மறுமொழி விடுத்தோம் என்பதையும் இங்கே எழுதுக என்றோம், எழுதப்பட்டது.

பின் விசாரணை தொடங்கியது. ஊர்ச்சபைத் தலைவர் வெண்காடனார் வந்து, சாலை கோயில் தானத்தாரின் பொறுப்பு, சபை அதில் தலையிட்டிருந்தால் வரம்பு மீறியதாகும் என்று முறையாக உரைத்தார். அமைச்சருக்கு அது நியாயமாகப் பட்டது. தானத்தார் வந்து, தாங்கள் நெல் அளப்பவர் மட்டுமே, கண்காணியை அமர்த்தியது தலைநகர் என்று ஓலை காட்டினர். அதுவும் நியாயமாகப் பட்டது. தலைநகர் என்றால் யார் என்று அவர் கேட்க, அவர்கள் ஓலையைச் சுருட்டிக்கொண்டு வணங்கி விலகினராம்.

துறைக்காவல் தலைவன் வந்தான். முன்னொரு போரில் படைவீரரே ஆதரவற்ற பிள்ளைகளைத் தூக்கிப்போய் ஏவல் வேலைக்கு வைத்துக்கொண்டதால், ஆயுதம் ஏந்தியவர் எவரும் அச்சாலைப்படி மிதிக்கலாகாது என்று நம் தந்தையார் ஆணையிட்டிருந்தார். நீர் அந்த ஆணையை அன்று அவையில் பாராட்டியதாகவும் கேள்வி. அவன் சொன்னதை அவன் வாய்ச்சொல்லாகவே வைக்கின்றோம்.

"கதவுக்கு வெளிய நின்னேன் ஐயா. சத்தம் கேட்டுச்சு. உள்ள போனா அரசாணை மீறின குத்தம், போகலேன்னா இந்தக் குத்தம். நான் என்ன பண்ணியிருக்கணும்னு நீங்களே சொல்லிடுங்க."

அமைச்சர் அவனைப் போகச் சொன்னார். வாளைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கலாமே என்று பிறகு தோன்றியதாம். அது தோன்றிய வேளையில் அவன் போய்விட்டிருந்தான். திருப்பி அழைத்துக் கேட்கலாமா என்று எண்ணியவர், அந்தப் படியில் தாம் நின்றிருந்தால் தமக்கு அது தோன்றியிருக்குமா என்று எண்ணி விட்டுவிட்டார்.

சாலையின் பின்மதிலை ஒட்டி உப்பு விற்கும் கயத்தி என்பவள், யாரும் அழைக்காமல் தானே வந்து நின்று சொன்னாள்:

"அழுகை கேட்டுச்சு சாமி, பொய் சொல்ல மாட்டேன். பிள்ளைங்க இருக்கற எடத்துல அழுகை கேக்காமயா இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். அப்புறம் ஒரு நாளு சத்தமே இல்ல. அன்னைக்குத்தான் எனக்குப் பயமாயிருச்சு. ஆனா புள்ள அழலேன்னு யாருகிட்டப் போயி முறையிடறது?"

மருத்துவர் நல்லந்தை கடைசியாக வந்தார். தழும்புகளைக் கண்டதையும், தானத்தாரிடம் சொன்னதையும், பிள்ளைகள் மரமேறி விழுந்தார்கள் என்ற மறுமொழியைப் பெற்றதையும் மறைக்கவில்லை. "நான் சத்தம் போட்டிருந்தா கோளரி என்னையும் உள்ள விடாம கதவைச் சாத்தியிருப்பான். மருந்து போட ஒரு ஆளாவது வேணுமேன்னு வாயை மூடிக்கிட்டேன். அது சரியா தப்பான்னு எனக்கு இன்னிக்கும் தெரியல" என்றாராம்.

ஏறன் அத்தனாரே, அந்நாட்களில் நம் அமைச்சரின் உள்ளம் பட்ட பாட்டை நினைத்துப் பாரும். ஒருவர் பேசும்வரை அவரே குற்றவாளி என்றிருப்பார். பேசி முடித்ததும், அவருக்கு முன் வந்தவரே குற்றவாளி என்று தோன்றும். வெண்காடனாரைக் குற்றஞ்சாட்டித் தீர்ப்பெழுதி நமக்கு ஓலை அனுப்பினார். அது வந்து சேர்ந்த சற்று நேரத்தில், அதைப் பிரிக்க வேண்டாம் என்ற வேண்டுகோளோடு குதிரைவீரன் ஒருவன் மூச்சிரைக்க வந்து நின்றான். பின்னொருமுறை தானத்தாரைக் குற்றஞ்சாட்டி எழுதினார். அதையும் பாதிவழியில் மீட்டுக்கொண்டார். உண்பது குறைந்தது. ஏவலர் இட்ட சோற்றைப் பார்த்து, இதை உலையிலிட்டவர் யார், பரிமாறியவர் யார் என்று தம்மையறியாமல் விசாரித்தார் என்றும், ஏவலர் அஞ்சி நின்றதைக் கண்டபின்னரே தம்மை உணர்ந்தார் என்றும் அவரே நம்மிடம் சொன்னார்.

மருத்துவர் அன்று சாட்சி சொல்லி எழுந்து போகுமுன், சாலையில் தத்தை என்னும் சிறுமியின் கையில் ஆறாத புண் ஒன்று உண்டென்றும், தாழிட்ட நாளிலிருந்து தம்மை உள்ளே விடவில்லையென்றும், கட்டு மாற்ற ஒருமுறை அனுமதிக்க வேண்டுமென்றும் கேட்டார். அமைச்சர் திடுக்கிட்டார். அவ்வாறாயின் இப்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் யார் என்று சபையாரைக் கேட்டார். அவர்கள் தானத்தாரைப் பார்த்தனர். தானத்தார் காவலரைப் பார்த்தனர். காவலர், உத்தரவிட்டவர் தாங்கள்தாமே என்று பணிவோடு அமைச்சரைப் பார்த்தனர்.

அந்தப் பகல் வெயிலிலேயே மருத்துவரை அழைத்துக்கொண்டு ஓடினார் அவர். மேலாடை நழுவி விழுந்ததையும் எடுக்கவில்லை என்று கண்டவர் கூறுகின்றனர். தாழ் இறுகிப் போயிருந்தது. தச்சன் வந்து நெம்ப வேண்டியிருந்தது. உள்ளே காற்று கெட்டிருந்தது. சாளரத்தில் வைத்த சோற்றைக் கைக்கு எட்டிய பெரிய பிள்ளைகள் உண்டனர். சிறியவர் மிஞ்சியதைத் தின்றனர். தத்தையின் கை முழங்கைவரை வீங்கியிருந்தது. அவளுக்கு ஒன்பது அல்லது பத்து வயதிருக்கும்.

ஏனம்மா யாரையும் கூப்பிடவில்லை என்று அமைச்சர் கேட்டார். அவள் சொன்னது:

"கூப்பிட்டோமே. ஐயா உத்தரவு இல்லாமத் தொறக்க மாட்டோம்னு வெளிய இருந்த அண்ணன் சொல்லிட்டாரு. எந்த ஐயான்னு கேட்டதுக்கு அவருக்குப் பேரு தெரியல."

"நான்தாம்மா அது" என்றார் அமைச்சர்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப நீங்கதான் புதுக் கண்காணியா?" என்றாள்.

அவள் குரலில் சினமில்லை, குத்தலில்லை. இனி யாருக்கு அடங்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே கேட்டாள்.

மருத்துவர் அங்கேயே தங்கி அவள் கையைக் காத்தார். எனினும் இரண்டு விரல்கள் இனி மடங்கா.

இதன்பின் நடந்ததுதான் நம்மை முற்றிலும் குழப்பியது. செய்தி ஊரில் பரவியதும், அதுவரை ஒருவரையொருவர் ஏசிய சபையாரும் தானத்தாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டனர். பேச்சு நின்றிருந்த தெருக்கள் பேசத் தொடங்கின. குற்றவாளி கிடைத்துவிட்டார் என்று ஊரே மூச்சுவிட்டது. தாயிலார் சாலையில் நடந்த தீங்குக்கெல்லாம் பொதியத்தரையரே காரணம் என்று முறையீட்டு ஓலை ஒன்று நம் வாயிலுக்கு வந்தது. அவர் ஆழிக்குடி மண்ணை மிதிக்குமுன் இறந்த இளம்பூதனின் சாவும் அவர் பேரிலேயே அதில் எழுதப்பட்டிருந்தது.

நம் முன் வந்து நின்ற அமைச்சர், அந்த ஓலையை ஏற்றுக்கொள்ளுமாறு நம்மை வேண்டினார். கோளரி செய்ததையே தாமும் செய்ததால் மறுக்க வாயில்லை என்றும், எல்லாம் தம்மேல் விழுந்தால் ஊர் அமைதியுறும் என்றும் கூறினார். ஏற்கவே எண்ணினோம் என்பதை மறைக்க மாட்டோம். கோலை நீட்டித் தண்டனை சொல்ல வாய் திறந்தபோது, அவையோர் முகங்களில் எல்லாம் ஒரு நிம்மதி பரவக் கண்டு நிறுத்திக்கொண்டோம். அவரைத் தண்டித்தால் மற்றவர் வீடு திரும்பி நன்றாக உறங்குவர். தண்டியாது விட்டால் அச்சிறுமியின் கைக்கு யாரும் பொறுப்பில்லை என்றாகும். எல்லோரையும் தண்டிப்பதானால், கோளரியை அமர்த்திய ஓலையில் இருப்பதும் நம் இலச்சினை, கதவைப் பூட்டிய ஓலையில் இருப்பதும் நம் இலச்சினை. யாரிடம் போய் முறையிடுவது என்று கயத்தி கேட்டதும் நம் காதில் ஓயவில்லை. இவற்றுள் எது பெரிது, எது சிறிது, எதன்பின் எது வந்தது என்று எண்ணத் தொடங்கினால் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கின்றோம்.

நம்மையும் மறுத்துச் சொல்ல அஞ்சாதவரே இதைத் தீர்க்க வல்லார். ஆகவே நாம் இடும் ஆணை இது. ஏறன் அத்தனார் தம் குன்றுகளை விட்டிறங்கி ஆழிக்குடிக்கு வந்து இவ்வழக்கை விசாரிப்பாராக. சபையார், தானத்தார், துறைக்காவலர், மருத்துவர், அமைச்சர் ஆகிய எவரையும் அழைக்க உமக்கு உரிமையுண்டு. கோப்பெருந்தேவியை அழைத்தாலும் வந்து நிற்போம். எழுந்து நின்றே விடை சொல்வோம். நம் தந்தையார் அன்று அவையில் உமக்கு மறுத்த சொல்லுரிமை இன்றுமுதல் உம்முடையது. பிள்ளைகளை விசாரணைக்கு இழுக்க வேண்டா. அவர்களாகப் பேசினால் மட்டும் கேட்பீராக. நீர் வரும்வரை சாலையின் கதவுக்குத் தாழில்லை. மருத்துவர் உள்ளே இருக்கின்றார். கயத்தியும் வேறு சில பெண்களும் வேளைக்குச் சென்று ஊட்டி வருகின்றனர். அவர்களை யாரும் அமர்த்தவில்லை, நிறுத்தவும் இல்லை.

இன்னொன்று. பொதியத்தரையர் தம் பதவி மோதிரத்தை நம் காலடியில் வைத்துவிட்டு ஆழிக்குடிக்கே திரும்பிவிட்டார். சாலைக்கு எதிரே, தெருவுக்கு அப்பால் அமர்ந்திருக்கின்றார். பிள்ளைகள் அவரைக் கண்டால் உள்ளே ஓடுகின்றனர் என்கின்றனர் சிலர். ஒருநாள் அவர் இல்லாதபோது எங்கே என்று கேட்டனர் என்கின்றனர் வேறு சிலர். அவரை எழுப்பி அனுப்புவதா, இருக்க விடுவதா என்பது நமக்குத் தெரியவில்லை. வந்ததும் முதலில் அதைப் பார்த்துச் சொல்லுக.

இவ்வோலை கண்ட பொழுதே புறப்படுக. வழியிலுள்ள ஊரார் உமக்கு நிழலும் நீரும் மாற்றுக்குதிரையும் தருக. இதைத் தடுப்பவர் எவராயினும் நம்மைத் தடுத்தவராவர்.

தேவியார் சொல்லச் சொல்ல எழுதி, படித்துக் காட்டி, அவர் கண்முன் அரக்கிட்டு முத்திரை பதித்தேன். இவை திருமந்திர ஓலை எழுதும் பனையூர் உடையான் அரட்டன் எழுத்து.