துட்டி வீட்டில் முதல் வார்த்தை

பிப்ரவரி 10, செவ்வாய்

எம். புதுப்பட்டி அருகே பட்டாசு ஆலையில் வெடி விபத்து. மருந்து கலக்கும் அறை தரைமட்டம். மூவர் பலி. தகவல்: தீயணைப்பு நிலைய அலுவலர்.

மூன்றாவது பெயர் செல்வலட்சுமி. பாண்டிராஜின் மனைவி. எங்கே வெடித்தாலும் செய்தி சேகரிக்க என்னைத் தன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறவன் பாண்டிராஜ். இருபது வருடப் பழக்கம். உடனே போன் போட்டேன். என் வாயில் வந்த முதல் வார்த்தை: “வயசு நாப்பத்தொண்ணா, ரெண்டாப்பா?”

“ரெண்டு” என்றான். வைத்துவிட்டான்.

செய்தியில் வயது சரியாக வரும்.

பிப்ரவரி 11

அடக்கம் முடிந்தது. பாண்டிராஜ் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். நான் பிளாஸ்டிக் நாற்காலியில். போர்மேனைக் கைது செய்ததைச் சொன்னேன். ஆலைக்கு சீல் வைத்ததைச் சொன்னேன். மனசைத் தேற்றிக்கொள்ளச் சொன்னேன். நிறுத்தவே இல்லை.

“பேப்பர்ல போடத்தான வந்தீக அண்ணாச்சி? போட்டாச்சுல்ல. கெளம்புங்க” என்றான் பாண்டிராஜ்.

தடுமாறி எழுந்தேன். பழக்கத்தில் “வாரேம்ப்பா” என்று வந்துவிட்டது. அவன் அக்கா முருகம்மாள் விடவில்லை. “துட்டி வீட்டுல வாரேம்னு சொல்லிட்டுப் போறாக பாரு! இன்னும் எத்தன எளவுக்கு வரணுமாம் இவுகளுக்கு?”

பிப்ரவரி 13

பாண்டிராஜ் போன் எடுக்கவில்லை. ஆலங்குளம் சிமெண்ட் ஆலைச் செய்திக்கு பஸ்ஸில் போனேன். பக்கத்து இருக்கை காலி.

பிப்ரவரி 15, ஞாயிறு

புதன்கிழமை சர்ச்சில் தவக்காலம் தொடங்குகிறது; அந்த லெந்துகாலக் கூட்டத்தில் யோபுவைப் பற்றி நான் பேச வேண்டும் என்று குருவானவர் முன்பே சொல்லியிருந்தார். மத்தியானம் பைபிள் விளக்க நூலை எடுத்தேன். மனைவி இறந்த பின் இந்த வீட்டில் சத்தம் போடுவது மின்விசிறி மட்டும்தான்.

பிள்ளைகளையும் உடல்நலத்தையும் இழந்த யோபுவைப் பார்க்க மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள் தரையில் கூடவே உட்காருகிறார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதிர்ச்சியில் வாயடைத்துவிட்டது என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். நூல் வேறு சொல்கிறது. யூதர்களின் பழைய முறை அது: துக்கம் கொண்டவர் வாய் திறக்கும்வரை ஆறுதல் சொல்ல வந்தவர் பேசக் கூடாது. முறை கதைக்கு முந்தியதா, கதையை வைத்துப் பிறகு வந்ததா? நூலில் உறுதியாக இல்லை.

யோபு வாய் திறந்ததும் பிறந்த நாளைச் சபிக்கிறார். நண்பர்களுக்கு அது பொறுக்கவில்லை. பதில் சொல்லவும் காரணம் சொல்லவும் தொடங்குகிறார்கள். தப்பு அங்கேதான். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள்.

நான் அதுகூட இல்லை. உட்காரும் முன்பே பேசினவன்.

பிப்ரவரி 16

பாண்டிராஜ் வீட்டுக்குப் போனேன். தரையில் உட்கார்ந்தேன். முட்டி வலி. அவன் என் பக்கம் திரும்பவில்லை. சொல்லாமல் எழுந்து வந்தேன்.

பிப்ரவரி 17

இன்றும். முருகம்மாள் காப்பியை வைத்துவிட்டு யாரிடமோ சொல்வதுபோல், “பேப்பர்காரகளுக்கு நாக்கு ஒட்டிக்கிருச்சாக்கும்.”

சிரிக்கலாமா? தெரியவில்லை. காப்பியைக் குடித்தேன்.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

வெகுநேரம் கழித்து, சுவரைப் பார்த்தபடியே சொன்னான்: “அன்னைக்கு அவ ஒடம்புக்கு முடியல, லீவு போடுறேன்னா. ஆர்டர் கெடக்குன்னு நாந்தான் போகச் சொன்னேன்.”

பிறகு: “அவளப் பொண்ணு பாக்கப் போனோம்ல, அந்த நாளு விடியாமலே போயிருக்கணும் அண்ணாச்சி. வேற எவனையாவது கட்டி எங்கனயாவது உசுரோட இருந்திருப்பா.”

“அப்படிச் சொல்லாதப்பா, ஒன் தப்பா இது” — தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கினேன். எவ்வளவு கஷ்டம்! எத்தனையோ பேரைப் பேச வைத்திருக்கிறேன், பதில் சொல்லாமல் கேட்டதில்லை.

அவன் பேசிக்கொண்டே இருந்தான். மீதியை இங்கே எழுத மாட்டேன்.

லெந்துகாலக் கூட்டத்துக்குப் போகவில்லை. பேச ஆள் இல்லாமல் பாட்டுப் பாடியே முடித்தார்களாம். குருவானவருக்கு வருத்தம்.

பிப்ரவரி 20, வெள்ளி

வெடிப்புக்குக் காரணம் என்ன என்ற தடயவியல் அறிக்கை இன்னும் வரவில்லை. மார்ச் முதல் வாரம் என்கிறது போலீஸ் தரப்பு.

பதினாறாம் நாள் காரியம் வரும் புதன்கிழமை. காலையில் பாண்டிராஜே போன் செய்தான். “முந்தின நாளே வந்திருங்க அண்ணாச்சி. இங்கனயே படுத்துக்கிடலாம்.”

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போகிறேன்.