இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவள்

அக்கா,

இன்று மதியம் மகனுக்குச் சோறு போட்டதும் என் கை தன் பாட்டுக்கு அவன் தட்டைப் பிடித்து அரைச் சுற்று திருப்பிவிட்டது. "இன்னாமா பண்ற?" என்றான். மீன் வறுத்த வாசனையோடு நீ வந்து நின்றாய்.

உனக்கு முதலில் காணாமல் போனது மீன்தான். தட்டின் வலப்பக்கத்தை மட்டும் வழித்துத் தின்றுவிட்டு, "மீனே வெக்கலியேடி, கஞ்சப் பிசினாறி" என்று திட்டினாய். தட்டைத் திருப்பினேன். "இது எங்கேந்து வந்துது?" என்று சிரித்தாய். விவரம் தெரியாமல் நானும் சிரித்தேன்.

மார்பில் அறுத்தெடுத்த புற்றுநோய் தலைக்குப் பரவிவிட்டது என்று ஸ்கேன் பார்த்து டாக்டர் சொன்னார். கண்ணில் கோளாறில்லையாம், மூளையில் பார்வைக்கான இடத்தில் கட்டியாம். இடது பாதி தெரியாது. அந்த வெற்றிடத்தில் மூளையே எதையாவது வரைந்து காட்டும், பயப்படாதீர்கள் என்றார். சுலபமாகச் சொல்லிவிட்டார்.

ஒரு சாயங்காலம் உன் வலப்பக்கம் உட்கார்ந்து கால் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ இடப்பக்கம் திரும்பி, "உன்ன மாரியே ஒருத்தி இங்க குந்திகினு கீறா. பச்சப் பொடவ" என்றாய்.

எனக்குப் பச்சையே பிடிக்காது. துணிக்கடையில் வேலை பார்த்து எனக்குப் புடவை எடுத்து வந்த உனக்கா தெரியாது? அதைச் சொன்னேன். "அவளுக்கு நல்லாத்தான் கீது" என்றாய். அப்போது பின்னால் சரக்கு ரயில் போனது. நம் கொருக்குப்பேட்டை வீட்டில் ரயில் போனால் கட்டில், பாத்திரம், மனுஷர் எல்லாமே அதிரும். நீ குரலைத் தாழ்த்தி, "அவ மட்டும் ஆடலடி" என்றாய்.

அதன்பிறகு அவளிடம்தான் அதிகம் பேசினாய். எனக்குப் பயத்தைவிட வயிற்றெரிச்சல்தான். பீ மூத்திரம் அள்ள நான், கொஞ்சிப் பேச அவளா? நீ போகுமுன் ஒரு தடவையாவது என் முகத்தைப் பார்த்து என்னிடம் பேச வேண்டும் என்று தவித்தேன்.

அதற்குள் வலப்பக்கமும் இருண்டுவிட்டது. எரிகிற விளக்கைப் போடச் சொன்னாய். "நான்தான்க்கா" என்று கத்தினாலும், இடப்பக்கம் திரும்பி "என் தங்கச்சி எங்க?" என்று அவளைக் கேட்டாய். கடைசியில் வீம்பை விட்டேன். கட்டிலைச் சுற்றிப் போய் அவள் இடத்தில் உட்கார்ந்தேன். அந்த இடம் வெதுவெதுப்பாக இருந்தது.

உன் கை உடனே என் கையைப் பிடித்தது.

"தோ பாரு, என் தங்கச்சி வெளியதான் ரவுடி மாரி கத்துவா. நான் பூட்டா ரொம்ப அழுவா. அவள தனியா வுட்றாத, இன்னா?"

"வுட மாட்டேன்" என்றேன், அவளாக. உன் முகம் தெளிந்தது. மறுநாள் நீ போய்விட்டாய்.

அன்று வாக்குக் கொடுத்தது நானா, அவளா என்பது எனக்கு இன்னும் குழப்பம். உன்னை நினைத்து அழும்போதெல்லாம் இடப்பக்கம் யாரோ நெருங்கி உட்காருவது தெரிகிறது. நான் திரும்பிப் பார்ப்பதில்லை. பயம்தான். ஆனால், நீ போனபிறகு நான் ஒரு நாளும் தனியாக அழுததில்லை, அக்கா.