கூட யாரு இருந்தா?

அன்புள்ள அம்மா,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை நிறுத்திவிடாதே.

இங்கே ஒரு சின்ன விஷயம். கவலைப்பட ஒன்றுமில்லை, கோபம் மட்டும்தான். செவ்வாய்க்கிழமை காலை, நான் வேலை செய்யும் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தின் மூன்றாவது குளத்தில் அரிவாள் மூக்கன் ஒன்று இறங்கியது. இந்த ஊரில் யாரும் பார்த்திராத பறவை. நின்று நோட்டில் வரைந்துகொண்டேன். மாலையில் பறவைச் சங்கக் கூட்டத்தில் செயலாளரிடம் காட்டினேன்.

"கூட யாரு இருந்தா?"

"யாரும் இல்ல சார்."

"போட்டோ இல்லாட்டி ரெண்டு பேர் பாத்திருக்கணும் தம்பி. தனியா பாத்தா கொக்குகூட கழுகாத் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள்.

வியாழக்கிழமை, பெரிய கேமரா வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் அதைப் படமெடுத்தார். குளத்தைக் காட்டியதே நான்தான். சங்கப் பலகையில் 'முதலில் பார்த்தவர்' என்று அவர் பெயரும் வியாழக்கிழமையும் எழுதியிருக்கிறது. ஞாயிறு காலை முப்பது பேர் அதைப் பார்க்க வருகிறார்கள். அந்த அறிவிப்பில் நானும் இருக்கிறேன், கேட்டைத் திறப்பவனாக.

திறப்பேன். பலகையில் செவ்வாய்க்கிழமை என்று திருத்திய பிறகு.

என் பழைய கம்பளிச் சட்டையை அனுப்பு. அதற்குள் நீ கைப்பட எழுதிய நாலு வரியும் வை. எதைப் பற்றியானாலும் சரி.

நீ பக்கத்தில் இருந்திருந்தால், வெங்காயத்திலிருந்து தலை நிமிராமலே, "ஆமா, நானும் பாத்தேன்" என்றிருப்பாய்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உன் பெரியவன்