மூன்று மணிச் சங்கு

7.8.1996, புதன்

ஆட்டிசப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போன வாரம் புதிதாக வந்த ஆறு பேருக்கு இன்று வகுப்பிலேயே பயிற்சி கொடுத்தேன். பாசி கோத்துக்கொண்டிருந்த கவிதா வழக்கம்போல் காதைப் பொத்திக்கொண்டாள். பதினான்கு வயது, பேச்சு வராது.

"அடம் பிடிக்கிறாள். கையை எடுத்துவிடு" என்றேன் புதியவர்களில் ஒருத்தியான சாந்தாமணியிடம்.

"மாட்டேனுங்க டீச்சர். மூணு மணி மில்லுச் சங்கு ஊதற நேரமுங்க. தெனமும் இப்பத்தான் பொத்தறா."

எல்லோர் முன்னாலும் எதிர்த்துப் பேசுகிறாளே என்று கோபம். நானே போய் அந்த விரல்களைப் பிரித்தேன். சங்கு ஊதியது. கவிதா தன் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஆறு மாதமாக மூன்று மணிக்கு நேரே "ஒத்துழைப்பு இல்லை" என்று நோட்டில் எழுதியவள் நான்.

சாந்தாமணியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நாளை நான் பக்கத்தில் போனால் கவிதா காதைப் பொத்துவாளா, கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வாளா?